கிழக்குத் தொட்டி, மேற்குத் தொட்டி

புதுவயல் ஆலைகள் தும்முகிற தவிட்டில்
ஒரு படி வாங்கிப் புளிக்க வைக்கிறேன்.
அதில் ஒரு கரண்டி நீர்த்தெள்ளு விட்டால்
ஐந்தாம் நாள்
வாளித் தண்ணீருக்கே நடுக்கம் வந்துவிடும்.
அது கிழக்குத் தொட்டிக்கு.

மேற்குத் தொட்டியின் சாப்பாடு
பல்லவனில் வருகிறது,
காரைக்குடி நடைமேடையில் இறங்கி
தெர்மோகோல் பெட்டிக்குள் வியர்த்தபடி.
அடைக்கலமேரி அதை மடியில் வைத்துக்கொண்டு
என் ஸ்கூட்டியின் பின்னால் உட்காருவாள்.
உறைந்த ஆர்ட்டீமியா, மாத்திரை அட்டை போல.
பின்பக்கம் அமுக்கினால்
செங்கல் நிறத்தில் ஒரு கட்டி விழும்.
பழைய ஐஸ்கிரீம் பெட்டிதான் அதற்கு வீடு;
மூடியில் இன்னும் ஒரு பையன் கோன் நக்குகிறான்.

பொரித்த ஆறாம் நாள்
விரால் குஞ்சுகளை ஐநூறு ஐநூறாகப் பிரித்தோம்.
நோட்டில் பிள்ளையார் சுழி போட்டேன்.
"எத்தனை புள்ளி?" என்றாள் மேரி, சிரிக்காமல்.
எங்களவர்கள் கோயில் வரிக்கு அப்படித்தான் எண்ணுவது.
அவர் போனதிலிருந்து நான் அரைப்புள்ளி.
இவை நிஜமாகவே புள்ளிகள்:
முன்னால் இரண்டு கண், பின்னால் ஒரு வால்,
நடுவில் முழுக்கப் பசி.

கிழக்கில் தெள்ளு விழுந்ததும்
தண்ணீர் கிழிந்தது.
துள்ளுவதைக் கண்டு துள்ளின.
மேற்கில் கட்டி கரைந்து
பொடிப்பொடியாக இறங்கிக்கொண்டே இருந்தது.
பக்கத்தில் போன ஒரு குஞ்சு
அதை மண் என்று நினைத்துத் திரும்பிவிட்டது.
மறுநாள் அடியில் வெள்ளைப் பூஞ்சை,
குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தோம்.

"உசுரு இருந்தாத்தான் தின்னுமாக்கும்?
நாம என்ன கூவுற கோழியையா கொழம்பு வைக்கிறோம்?"
மேரிக்குக் கோபம் தொட்டி மேலா, என் மேலா, தெரியவில்லை.

உயிருள்ளது நல்லது என்று
நானும் ஒரு வாரம் பேசித் திரிந்தேன்.
வாளியில் தவிடு தீர்ந்த அன்று
ஊரணியில் துணிவலை போட்டு அள்ளி வந்தேன்.
தெள்ளோடு ஒரு தட்டான் புழுவும் வந்திருக்கிறது,
துரும்பு மாதிரி, வாயில்லாத மாதிரி.
அது தாடையை நீட்டுவதைப் பார்த்தபோது
நாற்பதுக்கு மேல் குறைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மின்வாரியம்
ஒன்பதிலிருந்து ஐந்து வரை பராமரிப்பு.
காற்றுக்கல் நின்றது.
வாளியில் தெள்ளு மிதந்தது,
பெட்டிக்குள் பையனின் கோன் கீழே எல்லாம் உருகியது.
உயிரும் உறைவும்
ஒரே கம்பியில் தொங்கியது அன்றுதான் தெரிந்தது.

உருகியதை வீணாக்க மனமில்லாமல்
மேற்குத் தொட்டியில் ஊற்றி
விரலால் கலக்கினேன்.
சுழலில் செத்ததெல்லாம் எழுந்து ஓடியது.
ஒன்று கவ்வியது. இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.
கரண்ட் வந்தபின்பும்
வேளைக்கு வேளை கையை விட்டுக் கலக்கினேன்,
நகக்கண் வெளுக்கும்வரை.

இருபத்தைந்தாம் நாள் எண்ணினோம்.
கிழக்கு முந்நூற்று முப்பத்தொன்று.
அதில் பதினொன்று மட்டும் சுண்டுவிரல் நீளம்;
ஒன்றின் வாயில் இன்னும்
தம்பியின் வால் அசைந்தது.
மேற்கு இருநூற்று எண்பத்தெட்டு.
எல்லாம் சின்னது, எல்லாம் ஒரே அளவு.
சிங்கம்புணரிக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு
விலையை மட்டும் கேட்டார்.

இன்று காலை, தீனிக்கு முன்,
வெறும் விரலை வைத்துப் பார்த்தேன்.
கிழக்கில் சிதறி ஓடின.
மேற்கில் இருநூற்று எண்பத்தெட்டும் வந்து
விரலைச் சுற்றி நின்றன,
நான் அசைவதற்காக.

மேரி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இத எதுல எழுத, பத்துலயா வரவுலயா?"

மூன்றாவது தொட்டியைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறோம்,
காலையில் தெள்ளு, மாலையில் கட்டி என்று.
பல்லவன் இன்று நாற்பது நிமிடம் தாமதமாம்.